மேல் போல்ட்டை முதலில்

மிதித்தால் பேசாது.
காலை எடுத்தால்தான் பின்னாலிருந்து ஊளை.
ராணிப்பேட்டையில் இறக்கிவிட்டுக் காலியாய்த் திரும்பி
பாலாற்றுப் பாலம் முடிந்து ஆற்காட்டுக்குள் சரியும்போது
யாரோ அண்டாவுக்குள் வாயை வைத்து
ஒரே எழுத்தை இழுப்பது மாதிரி.

இரண்டாயிரத்து நாலாம் வருடத்து வண்டி.
பேரணாம்பட்டில் உப்புத்தோல் ஏற்றுவேன்.
லோடு இருந்தால் எதுவும் கேட்காது.
காலியாய் வரும்போதுதான் காது திறக்கும்.

சீல் போச்சு என்றான் முனீர். மாற்றினோம்.
ஆடியில் மறுபடி ஒழுகியது. மாற்றினோம்.
தையில் வாசல் சிமெண்ட் முழுக்கக் கறுப்புப் பொட்டு.
"வித்துடு" என்றாள் சம்பூர்ணம்.
"குடியாத்தத்துல தேசிங்கு எழுபதுக்குக் கேக்கறாரு.
தோல் நாத்தம் உனக்குப் பழகிடுச்சு.
எனக்கு எங்க பழகுது?"
நான் ஜாக்கியை எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, மேல்விஷாரத்தில் கறிக்கடைக் கூட்டம் கலைந்த பிறகு
ஆற்காடு வரை ஒரு நடை ஓட்டி வந்தேன்.
சூடேறாத கியர் ஆயில் வெல்லப்பாகு,
கீழே வர மனசு வராது.

மேல் போல்ட்டை முதலில் கழற்ற வேண்டும்.
போன தடவை கீழே திறந்து எல்லாவற்றையும் வடித்துவிட்டு
மேலே கை வைத்தேன். துரு.
ஸ்பேனர் வழுக்கி வழுக்கி, ஆறு முனையும் உருண்டை.
பேசினில் ஆயில், வாசலில் வண்டி,
பேரணாம்பட்டில் இரண்டு நாள் நாறிய லோடு.
அந்தக் காசு இன்னும் கணக்கில் நிற்கிறது.

இன்றைக்கு மேலே இளகியது.
கீழே திறந்தேன்.
கூமுட்டை வாடையோடு கறுப்பாய் இறங்கியது.
வெயிலில் சாய்த்தால் உள்ளே மினுமினுப்பு.
காந்தத்தில் ஒட்டியதை விரலில் தேய்த்தேன்:
கண்மை. துண்டு இல்லை, சில் இல்லை.
"இன்னா அது, வெள்ளியா?"
"பல்லு."
"யாரு பல்லு?"

"அந்தப் பக்க டயரைப் பிடி" என்றேன்.
ஸ்டாண்டின் மேல் இரண்டு சக்கரமும் அந்தரத்தில்.
கியரில்தான் போட்டிருந்தேன்.
நான் முன்னால் தள்ளினேன்.
"இன்னாத்துக்குப் பின்னால இழுக்கற?"
"நான் முன்னாலதான் தள்றேன்."
"எனக்குப் பின்னாலதான் வருது."
அவள் முன்னால் தள்ளினாள்.
என் பக்கம் பின்னால் வந்தது.
கொஞ்ச நேரம் இருவரும்
எதுவும் பேசாமல்
அதையே செய்துகொண்டிருந்தோம்.
நடுவில் எண்ணெயில்லாத பற்கள்
டக், டக் என்று.

"இது இன்னா, குல்லா மாதிரி?"
அவள் பக்கத்து ஆக்ஸில் குழாயின் உச்சியில்
வெள்ளையாய்ப் பூத்துக் கிடந்தது பிரீதர்.
பலகை இடுக்கில் சொட்டிய தோல்தண்ணீர்,
எத்தனை வருடத்து உப்பு.
கழற்றி ஊதிப் பார்த்தாள். போகவில்லை.
கொண்டையிலிருந்து ஊசியை உருவிக் குத்தினாள்.
கல்லுப்பாய் உதிர்ந்தது.
மறுபடி ஊதினாள்.
என் முகத்தில் பட்டது காற்று.

உள்ளே கொதித்த ஆவிக்கு
வேறு போக்கில்லாமல்
சீலை முட்டித் திறந்திருக்கிறது.
இரண்டு சீல். இரண்டு கூலி.
முனீரைத் திட்ட வாய் எடுத்து, விட்டுவிட்டேன்.
படுத்துப் பார்க்காதவன் நானும்தான்.

புது ஆயில் தேன் நிறம்.
துளையின் விளிம்பில் நின்று யோசித்து
ஒரு கோடாய் வழியும் வரை ஊற்றினேன்.
விரல் விட்டுப் பார்த்து மூடினேன்.

சாயங்காலம் அவளும் ஏறிக்கொண்டாள்.
பாலாற்றைத் தாண்டிப் போய்த் திரும்பினோம்.
சரிவில் காலை எடுத்தேன்.
ஊளை அப்படியேதான் இருந்தது.
ஒழுகல் வேறு, தேய்மானம் வேறு.
"இதான் அதா?
நான் என்னமோ பெருசா நெனச்சேன்" என்றாள்.

ராத்திரி வண்டிக்கடியில் அட்டை விரித்தோம்.
விடியற்காலை எனக்கு முன்னால் குனிந்திருந்தாள்.
ஒரு பொட்டு இல்லை.
எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு சொன்னாள்:
"எழுபதுக்கெல்லாம் குடுக்காத.
எண்பத்தஞ்சு கேளு."