பங்கு விவரப் படிவம்

ஆயர் இல்லத்துப் படிவம் வந்திருக்கிறது.
மூன்று நகல். நீல மையில் நிரப்பணுமாம்.

பங்கின் எல்லை:
கிழக்கே வெள்ளி ஓக் வரிசை.
மேற்கே தனுசம்மாளின் மிளகுக்கொடி,
அதற்கப்பால் பாறை, அதற்கப்பால் ஒன்றுமில்லை.
வடக்கையும் தெற்கையும்
காலை பத்து மணிக்கு மேல் கேட்டால் சொல்லலாம்.
அதுவரை மஞ்சு.

கடல் பார்த்தவள் இல்லை நான்.
ஐப்பசி விடியலில் கோயில் வாசலில் நின்றால்
சேலம் முழுக்க வெள்ளைத் தண்ணீருக்கடியில் கிடக்கும்.
மேலே நாங்கள் மட்டும்,
ஒரு மணிக்கூண்டும் கொஞ்சம் ஓட்டு வீடுகளும்.

குடும்பங்கள்: இருபத்தொன்பது.
இன்னாசி மகன் திருப்பூர் போய் நாலு வருசம்.
பூட்டிய வீட்டை எண்ணலாமா என்று
படிவம் சொல்லவில்லை.

தொன்மை:
முதல் ஞானஸ்நானப் பதிவு பிரெஞ்சுச் சாமியார் கையெழுத்து.
தகப்பன் பெயருக்கு நேரே
'காப்பி' என்று மட்டும் இருக்கிறது.
தொழிலா, ஊரா, ஆள் பெயரேதானா,
யாருக்கும் தெரியாது.
பாதிக் கோயில் அந்தக் காப்பியின் வம்சம்.

மணி: ஒன்று. விரிசல்.
'ணங்' என்று தொடங்கி 'ணக்'கென்று நின்றுவிடும்.
அதைக் கேட்டுத்தான் எஸ்டேட்டில் சோறு பிரிக்கிறார்கள்.

சிறப்பு நிகழ்வுகள்:
இரண்டு வரி விட்டிருக்கிறார்கள்.

போன கார்த்திகையில்
பதின்மூன்றாம் கொண்டை ஊசி வளைவில் மண் சரிந்தது.
ஒன்பது நாள் சாமியார் கீழே, நாங்கள் மேலே.
மூன்றாம் நாள் சவரியாயி கண்ணை மூடினாள்.
மந்திரிக்க ஆள் இல்லை,
வெட்ட மண் இல்லை, அத்தனையும் கல்.
மேலூர்ச் சடையன்
சேர்வராயன் தேருக்கு வடம் பிடிக்கிறவன்
கேட்காமலே கடப்பாரையோடு வந்தான்.
உபதேசியார் ஜெபம் முடிக்கும்வரை
தலைத்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
மழையில் நின்றான்.

அன்று ராத்திரி
மீதி அரிசியை ஆழாக்கால் அளந்தோம்.
"சடையனுக்கு ஒரு பங்கு" என்று
என் வாய்தான் சொன்னது.
சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.

இரண்டு வரியில் இது அடங்காது.
'மழை' என்று எழுதினேன்.

கடைசிக் கேள்வி:
அருகிலுள்ள பங்கோடு இணையச் சம்மதமா?
கட்டம் சின்னது.
'இல்லை' எழுத இடம் போதும்.

பிறகு பக்கத்தைத் திருப்பி
இருபத்தொன்பதை அடித்து
முப்பது என்று எழுதினேன்.
சாமியார் கேட்டால்
இன்னாசி மகன் வீடு என்பேன்.

மூன்று நகலிலும்.