ஐந்துக்கான தகரம்

புள்ளிப் பலகைக்கு இலக்கம் வெட்டித் தரக் கேட்டு
கெப்டன் அனோஜன் வெல்டிங் பிரிவுக்கு வந்தான்.
வகுப்பில் நான் ஒருத்திதான் பெண்.
"ஒங்க கைதான் நடுங்காதாம்" என்றான்.
தார் பீப்பாயை விரித்து அடித்த தகரம்.
வளைவுக்கு வாயு போதாது,
அதனால் எல்லா இலக்கமும் கோடும் மூலையுமாக.
பூச்சியம் நாலு. மற்றவை இரண்டிரண்டு.
ஐந்து மட்டும் ஒன்று;
அதோடு சிலிண்டர் தீர்ந்தது.

ஹட்டனில் எங்கள் தொழில்நுட்பக் கல்லூரிக்கு
றகர் அணி என்று ஒன்று வந்த முதல் வருடம்.

கம்பளையோடு முதல் ஆட்டம்.
பந்து காலடியில் வந்து விழ
பதினைந்து பேரும் அதை
யாரோ பஸ்ஸில் விட்டுப்போன பையைப் போலப்
பார்த்துக்கொண்டு நின்றார்கள்.
நாற்பத்தொன்றுக்குப் பூச்சியம்.

லைன் அவுட்டுக்கு இரகசியச் சொல் வைத்திருந்தோம்:
கொழுந்து என்றால் முன்னுக்கு,
வட்டு என்றால் நடுவுக்கு,
கவ்வாத்து என்றால் கடைசி ஆளுக்கு.
கம்பளைக்காரருக்கு எல்லாமே விளங்கியது.
பாதிப் பேர் எங்களுக்குச் சொந்தம்.

பண்டாரவளையில் இம்தியாஸ் ஒரு பெனால்டி அடித்தான்.
மூன்று புள்ளி.
திரும்பும்போது ரயில் பெட்டிக் கதவில்
மூன்றாம் வகுப்பு என்று எழுதியிருந்த மூன்றை
பிரணவன் முத்தமிட்டான்.
அந்த ஆட்டத்திலும் தோற்றோம்,
அதை நாவலப்பிட்டி வரும்வரை யாரும் பேசவில்லை.

பதுளைக்குப் போகையில் ஹப்புத்தளையில் மண் சரிந்தது.
ஜெர்சியைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குள் ஆறு மணி நேரம்.
வராத அணி தோற்ற அணி.
இருபத்தெட்டுக்குப் பூச்சியம் என்று நானே எழுதினேன்.
அதில் மட்டும் ஒருவருக்கும் அடிபடவில்லை.

அடுத்ததில் சுதனின் காறை எலும்பு போனது.
டிக்கோயா ஆஸ்பத்திரியில் கையெழுத்திட்ட அவன் அப்பா
"எவன்டா தள்ளினான்" என்று கேட்டார்.
எட்டுப் பேர், சேர், என்றோம்.
அவருக்கு விளங்கவில்லை. எங்களுக்குச் சிரிப்பு வந்தது,
அடக்கிக்கொண்டோம்.
அவன் இடத்துக்கு ருவன்த வந்தான்.
குனி, பிடி, தள்ளு:
மூன்றே தமிழ்ச் சொல்லோடு ஸ்க்ரமுக்குள் தலையை விட்டான்.

கடைசி ஆட்டம் டிக்கோயாவில்.
கண்டி அணிக்கு முப்பத்தைந்து.
மூன்றையும் ஐந்தையும் அவர்கள் பக்கம் மாட்டி முடிக்கையில்
நீர்த்தேக்கப் பக்கமிருந்து மூட்டம் ஏறியது.
முதலில் தூரத்துக் கம்பம் போனது,
பிறகு கோடு,
பிறகு முப்பது பேரும்.

காது மட்டும் மிஞ்சியது.
சேற்றிலிருந்து பிடுங்கும் பூட்ஸ்.
யாரோ இருமினார்கள்.
"தள்ளு", ருவன்தவின் குரல்,
"தள்ளு தள்ளு",
அவனுக்குத் தெரிந்ததில் மூன்றில் ஒரு பங்கு.
பிறகு ஒரு நீள விசில்.

வெள்ளைக்குள்ளிருந்து நடுவர் வெளியே வந்து
எங்கள் பக்கம் கை நீட்டினார்: ட்ரை.
கொஞ்சம் கழித்து இம்தியாஸ் பந்தை உதைத்த சத்தம்.
அதற்கு விசில் இல்லை.
ஆகவே ஏழு அல்ல. ஐந்து.

பெட்டியில் ஐந்து இல்லை.
அது கண்டிக்காரருக்குத் தொங்கிக்கொண்டிருந்தது.
இரண்டை எடுத்தேன், முதுகைக் காட்டித் திருப்பினேன்,
கொக்கி சேரவில்லை, கம்பியால் இறுக்கினேன்.

மூட்டம் விலகியபோது
பலகையில் இரண்டு ஐந்து.
கண்டி கெப்டன் வாசித்துவிட்டுப் போனான்.
அனோஜன் மட்டும் கிட்ட வந்து நின்று
கம்பிக் கட்டைத் தொட்டுப் பார்த்தான்.

பந்தை நிலத்தில் வைத்தது யார்?
புத்தகத்தில் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கிறது.
பிரணவன் என்றான் அனோஜன்.
ருவன்த என்றான் பிரணவன்.
"மம நெமெய்" என்றான் ருவன்த.
நாலு கை இருந்தது, எல்லாம் ஒரே சேறு
என்றார் நடுவர்.
கட்டத்தை வெறுமையாகவே விட்டேன்.

சித்திரை விடுமுறைக்கு முதல் நாள் சிலிண்டர் வந்தது.
பரீட்சைக்கு வைத்திருந்த தகரத்தில்
ஒரு ஐந்து வெட்டினேன்.
மூலைகளை அரம் போட்டுக்கொண்டிருக்கையில்
ஜயலத் சேர் வந்து பார்த்தார்.
ஒன்று போதுமா என்று கேட்டார்.

தகரம் இன்னும் மிச்சம் இருந்தது.