மேலதிகம்

குருநகர் ஐஸ் தொழிற்சாலைக்குப் பின்னால்
இறால் பெட்டிகள் அடுக்கும் அறையில்
எமில்டா பையை ஊதி நிரப்புகிறாள்.
ஒத்துக் குழல்கள் மூன்றும்
படகு எஞ்சின்போல் முதலில் இருமி,
பிறகு ஒன்றையொன்று தேடி ஒட்டுகின்றன.
உப்புக் காற்றில் சீவாளி விறைக்கும்.
பைத்தோல் வெடிக்காதிருக்கப்
பனம்பாணி காய்ச்சி உள்ளே ஊற்றியிருக்கிறோம்.
எறும்பு வருகிறது. வரட்டும்.

இந்த வாத்தியத்துக்கு மௌனம் தெரியாது.
பை நிறைந்திருக்கும்வரை வாய் மூடாது.
ஒரே சுரத்தை இரண்டு முறை சொல்ல
நடுவில் இன்னொரு சுரத்தால் கீற வேண்டும்,
செதிலுக்கும் சதைக்கும் இடையே
கத்தி போய்வருவதுபோல.

அந்தக் கீறல்களில்தான் வழக்கு.

ஸ்கொட்லாந்துக்காரன் ஒருவன்
எப்போதோ எழுதிவைத்த படியின் நகலில்
ஒவ்வொரு அடுக்குக்குள்ளும்
கீழிருந்து இரண்டாம் சுரம்
ஒருதரம் கூடுதலாக வருகிறது.
பிறகு வந்த அச்சுப் புத்தகங்களில்
அது இல்லை.

எமில்டா அதை வாசித்தாள்,
கொழும்பில், மைதானத்து வெயிலில்.
நடுவரின் தாளில் சிவப்பு மை:
மேலதிகம். இரண்டு புள்ளி குறைவு.
வவுனியா தாண்டும்வரை பஸ்ஸில் பேசவில்லை.
பிறகு சொன்னாள்:
"எழுதினவன் பிழை விட்டிருந்தால்
ஒருக்கா விட்டிருப்பான்.
நூற்றிப் பதினெட்டுத் தரம் விடுவானோ?"
எண்ணியிருக்கிறாள்.

நான் புதுப் பாணிக்காரன். வங்கியில் வேலை.
கூட்டல் சரிவராவிட்டால்
வீட்டுக்குப் போக விடமாட்டார்கள்.
நேற்று இருவரும் ஒரே மெட்டை எடுத்தோம்,
அவள் அந்தச் சுரத்தோடு,
நான் அது இல்லாமல்.
முதல் வரியிலேயே பிரிந்தோம்.
அவள் வழியில் ஒரு கல் கூட.
நான் முந்திப் போய் அவளுக்காக நின்றேன்.
நிற்க முடியாத வாத்தியத்தில்
நிற்பது என்றால் நீட்டுவது.
நீட்டிய என் சுரத்தின்மேல்
அவளுடைய சின்னக் கல் வந்து விழுந்தது.
ஒத்துக் குழல்கள்
யார் பக்கமும் சேரவில்லை.

பெட்டி தூக்க வந்த தெயோப்பிளஸ் கேட்டான்:
"ஏன் ஒராள் விக்கிற மாதிரிக் கிடக்கு?"
"ஆர்?"
ஒரே நேரத்தில் இருவரும் கேட்டோம்.
அவன் யோசித்தான். பெட்டியைத் தோளில் வைத்தான்.
"தெரியேல்லை. அந்த இடம்தான் நல்லாயிருந்தது."

இன்று காசாளர் கண்ணாடிக்குப் பின்னால்
ஆயிரம் ரூபாய்த் தாள்களை எண்ணும்போது
சின்ன விரல்
தானாக ஒருதரம் கூட எழும்பியது.
திரும்ப எண்ணினேன்.
வரிசையில் நின்ற ஒருவர்
இருமினார்.