மூன்றாம் முனை

பி.எஸ்ஸி சைக்காலஜி என்றதும்
அம்மாப்பேட்டை மளிகைக்காரர்
பொட்டலம் கட்டுவதை நிறுத்திவிட்டு
"என் மனசுல இப்ப என்ன ஓடுது, சொல்லு பாப்போம்" என்றார்.
"எங்க வீட்டுப் பாக்கி" என்றேன்.
அன்றிலிருந்து என்னைக் கண்டால்
மீதிச் சில்லறையை இரண்டு முறை எண்ணுகிறார்.

உண்மையில் இரண்டாம் வருடப் பாடத்தில்
மனசு என்று ஒன்று வரவே இல்லை.
ஸ்டாப்வாட்ச் வருகிறது. கிராஃப் தாள் வருகிறது.
திட்ட விலக்கம் வந்து
பாதி வகுப்பை அழவைத்துவிட்டுப் போகிறது.
எலி வருகிறது, படத்தில்.

ஏழாவது சோதனை: கண்ணாடி பார்த்து வரைதல்.
அட்டையில் ஆறு முனை நட்சத்திரம்,
இரட்டைக் கோடு, நடுவே பென்சில் போக வேண்டும்.
கையைத் தகரம் மறைக்கும்.
எதிரே நிற்கும் கண்ணாடியை நம்பித்தான் நகர வேண்டும்.
மேலே என்று நினைத்தால் கீழே இழுக்கும்.

ஜெசிந்தா ஏற்காட்டுக்காரி.
"ஒவ்வொரு முனையும் எங்க மலை ரோட்டுக் கொண்டை ஊசிடி,
வளைவுக்கு வளைவு டிரைவருக்கு
வண்டி ஓட்டறது மறந்துபோற மாதிரி இருக்கு" என்றாள்.
இரண்டு நிமிடம் நாற்பது வினாடி. பதினேழு பிழை.

நாற்பது வயதுக்கு மேல் வெளியாள் ஒருவர் வேண்டும்.
மாதாந்திர மின்தடை, ஜவ்வரிசி மில்லுக்கு லீவு.
மாதம்மாள் சித்தி வந்து உட்கார்ந்தாள்,
கிழங்கு சீவும் கத்தி
கட்டைவிரலில் வரைந்த பழைய கோடுகளோடு.

விதிப்படி முதலில் சத்தமாகப் படிக்க வேண்டும்:
இதில் சரி, தவறு கிடையாது.
எந்த நேரத்திலும் நிறுத்திக்கொள்ளலாம்.
காரணம் சொல்ல வேண்டியதில்லை.

பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் போன்ற வரிகள்,
யாரும் கவனிப்பதில்லை.
"கடைசியா என்ன சொன்ன?" என்றாள் சித்தி.
படித்தேன்.
"இன்னொருக்கா."
படித்தேன்.

முதல் முனையில் பென்சில் திணறியது.
இரண்டாவதில் கோட்டைத் தாண்டி
எங்கோ போய்த் திரும்பி வந்தது.
நுனி நாக்கைக் கடித்தபடி
கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
நட்சத்திரத்தையா, தன்னையா, தெரியவில்லை.
மூன்றாம் முனை.
பென்சிலைக் குறுக்காகக் கீழே வைத்தாள்.
"நிறுத்திக்கறேன்."

"கஷ்டமா இருக்கா சித்தி?"
"இல்லையே."
அப்புறம் ஏன் என்பது
என் பல் வரைக்கும் வந்து நின்றது.
அவள் சிரித்தாள்,
சோதனை செய்தது தானென்பது போல.

சாந்தகுமாரி மேம் சிவப்பு மையில் எழுதினார்:
முழுமையற்ற தரவு. வேறு ஆள் பார்க்கவும்.
ஹாஸ்டல் மெஸ் அக்கா முடித்துக் கொடுத்தார்.
முப்பத்தொரு பிழை. ரெக்கார்டுக்கு
இருபதுக்குப் பத்தொன்பது.
பாதி நட்சத்திரம் என் பையிலேயே மடங்கிக் கிடக்கிறது,
சீலநாயக்கன்பட்டி பஸ்ஸில் போகும்போது
சில நாள் எடுத்துப் பார்ப்பேன்.

போன ஞாயிறு சித்தி வீட்டில் இருந்தேன்.
முன்னறையிலிருந்து சித்தப்பா,
"ஏய், தண்ணி கொண்டா."
சித்தி என்னோடு பேசிக்கொண்டிருந்தாள்.
பேச்சை முடித்தாள்.
முடித்த பிறகும் உட்கார்ந்திருந்தாள்.
என் பெருவிரல்
இல்லாத ஸ்டாப்வாட்சை அழுத்தியது.

எழுந்தாள். சொம்பை எடுத்தாள். போனாள்.
பதினொரு வினாடி.

முன்பு எவ்வளவு நேரம் ஆகுமென்று
யாரும் அளந்து வைத்ததில்லை.
ஒப்பிட எண் இல்லாமல்
முடிவு எழுதக் கூடாது என்பார் மேம்.
எழுதவில்லை.
தேதி மட்டும் குறித்து வைத்திருக்கிறேன்.