மின்கட்டண ரசீதின் பின்புறம்

மூன்று நாள், நூற்றெழுபது கிலோமீட்டர்.
கோயில் கிடையாது, அணை கிடையாது, அருவி கிடையாது.
இப்படித்தான் தொடங்கினாள் ரெஜினா
கொழிஞ்சாம்பாறையில், எங்கள் சமையல் மேடையில்,
பாதி உரித்த வெங்காயத்தை ஓரம் தள்ளிவிட்டு,
மின்கட்டண ரசீதின் பின்புறம்.

வண்டி வந்து நான்கு மாதம்.
கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி ஏலத்தில் சகாயதாஸ் எடுத்த
பழைய கண் முகாம் வேன்.
இரண்டு பலகைக் கட்டில், ஓர் அடுப்பு,
இருபது லிட்டர் தண்ணீர் கேன்,
திறந்தால் மூடாத ஒரு ஜன்னல்.
சுரண்டிப் பார்த்தோம், வெந்நீர் ஊற்றிப் பார்த்தோம்,
பின்சுவரின் எழுத்து அட்டை மட்டும் வரவில்லை.
மேலே பெரிதாய் ஒரு ட.
கீழே போகப்போக எறும்பு.

முதலமடை வழியில் மாம்பழ நிழற்குடை.
சிமெண்ட் பழம், உள்ளே பெஞ்சு.
"அணில் கடிச்ச மாதிரி ஒரு ஓட்டை வேற வச்சிருக்கான்,
மழை அது வழியாத்தான் வரும்."
பதினொரு வருடம் அந்தத் தடத்தில் டிக்கெட் கிழித்தவள்,
ஒருநாளும் இறங்கிப் பார்த்ததில்லை.
இரண்டு மணி அடித்தால் பஸ் கிளம்பிவிடும்,
அவளையும் ஏற்றிக்கொண்டு.

பிறகு எல்லைக் கல்லுக்கு இருபுறமும்
கல்லாப்பெட்டி வைத்த கடை:
இந்தப் பக்கம் டீ, அந்தப் பக்கம் சாயா,
பால் ஒன்று, விலையில் இரண்டு ரூபாய் வித்தியாசம்.
பிறகு துபாய்க்காரர் வீட்டு மாடியில்
தண்ணீர்த் தொட்டியாய் நிற்கும் விமானம்;
இறக்கையில் துணி காயும்.
பிறகு, வளைவில் லாரி திரும்பாமல்
இறக்கிப்போட்டுப் போன காற்றாலை இறக்கை.
மூன்று வருடமாக அதன்மேல் சீட்டாட்டம்.

சகாயதாஸ் கேட்டது ஒன்றே ஒன்று: கக்கூஸ்?
ஊருக்கு ஒரு பெட்ரோல் பங்க் எழுதினாள் ரெஜினா,
சாவி யாரிடம் இருக்கும் என்பது உட்பட.

நான் கேட்டது ஒரு வயல்.
ஓரமாய் நிறுத்திவிட்டு, எதையும் பார்க்காமல் இருக்க.
"அதுக்குப் பேரு என்னன்னு எழுதறது?"
கேள்விக்குறி போட்டு வைத்தாள்.

வேலந்தாவளம் சாவடியில் போய் விசாரித்தோம்.
உள்ளே எட்டிப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார்.
"வண்டின்னா பர்மிட் காட்டுங்க.
வீடுன்னா என் முன்னால எதுக்கு நிக்குது?"

வெள்ளி இரவு ஒத்திகை.
மூன்று கிலோமீட்டர் தள்ளி, பூட்டிக் கிடக்கும் அரிசி ஆலை முற்றம்.
கொசு, ஜன்னல், ரெஜினாவின் குறட்டை,
எப்போது தூங்கினோம் தெரியாது.

ஆறு மணிக்குக் கதவைத் தட்டினார்கள்.
தலையில் துண்டு, கையில் ரேஷன் கார்டு,
பின்னால் இரண்டு பெண்கள், ஒரு சைக்கிள்.
"கண்ணு பாக்குற வண்டிதானே?
ரெண்டு வருசமாச்சே வந்து!"

சகாயதாஸ் வாயெடுக்கும் முன்பே
அவர் ஏறிவிட்டார். அட்டையைக் கண்டுகொண்டார்.
யாரும் சொல்லாமல் இடக்கண்ணைப் பொத்தி
நேராக நின்று வாசித்தார்:
ட.
ப, ய.
மூன்றாம் வரியில் நிதானம்.
நான்காம் வரியில் 'ம' என்றார்.
அது 'ழ'.
போர்வைக்குள் உட்கார்ந்திருந்த நான்
திருத்தவில்லை.

வெளியே போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான் ஒரு பையன்,
வண்டியை, எங்கள் செருப்புகளை,
கண்ணாடியில் காயும் சகாயதாஸின் பனியனை.
பள்ளிக்கூடப் பிள்ளைகள் நான்கு பேர் வந்து
சக்கரத்தை உதைத்துப் பார்த்தார்கள்.

"டாக்டர் இல்லீங்கய்யா, நாங்க சும்மா சுத்திப் பாக்க..."
"எதை?" என்றார்.
பதில் சொல்ல மூவரில் ஒருவருக்கும் வரவில்லை.

ரெஜினாதான் தலைமாட்டிலிருந்து ரசீதை எடுத்தாள்.
பாலக்காடு ஜில்லா ஆஸ்பத்திரி, எட்டு நாற்பது பஸ்,
எந்த ஸ்டாப், எந்தக் கவுண்டர்.
ஓரமாய் எழுதி,
பழகிய கை, யோசிக்காமல்,
சர்ரென்று கிழித்து நீட்டினாள்.

அவர் மடித்து மடியில் சொருகிக்கொண்டு போனார்.

இரண்டாம் நாளில் பாதி அவரோடு போயிற்று.
விமானம் எந்த ஊரில் என்று இப்போது தெரியாது.
திருப்பிப் பார்த்தால், கட்ட வேண்டிய கடைசித் தேதி
நேற்று.