நடந்து போகும் தூரம்

டாட்டாநகரில் இருந்தபடியே
பாண்டிச்சேரியை இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்த்திருந்தேன்.
லாஸ்பேட்டை, மூலகுளம், ரெட்டியார்பாளையம்,
எல்லாம் செல்பேசியில் ஒரே சாம்பல் நிறம்.
பதவி உயர்வோடு வந்த மாற்றல்.
வேண்டாம் என்றால்
மூன்று வருடத்துக்கு வங்கி நம் பெயரை உச்சரிக்காது.
பதினெட்டாம் தேதி அங்கே லாரி கிளம்பிவிடும்.
அதற்குள் ஒரு கதவு வேண்டும்.

தரகர் அமலோர் ஸ்கூட்டரில் முன்னால்,
நாங்கள் நால்வரும் ஆட்டோவில் பின்னால்.
துவாரகேஷ் கேட்டது ஒன்றுதான்:
மாடியில் பந்து தட்டினால் கீழே திட்டுவார்களா?
இளம்பரிதி சட்டைப்பையில் தண்ணீர் சோதிக்கும் பேனா.
எந்த வீட்டுக்குள் போனாலும்
முதலில் குழாயடி.
ஆயிரத்து நூற்றுப் பத்து, என்பான்.
பேனாவைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு
மறுபடி செருப்பை மாட்டுவான்.

லாஸ்பேட்டை வீட்டில்
மோட்டாரை நெஞ்சளவு மேடைகட்டி ஏற்றியிருந்தார்கள்.
மழைத்தண்ணி நிக்குமா?
நிக்கவே நிக்காது மேடம்.
பிறகு மோட்டார் ஏன் மேலே ஏறியது?
எலி கடிக்குது மேடம்.

கோட்டக்குப்பம் பக்கம் போனால் நாலாயிரம் குறைவு.
இந்தச் சாக்கடையத் தாண்டினா தமிழ்நாடு, என்றார் அமலோர்.
பொண்ணு நாளைக்குக் காலேஜ் சேரணும்னா
இந்தப் பக்கம் அஞ்சு வருஷம் இருந்த சான்று கேப்பாங்க,
பாத்துக்குங்க.
குழந்தைகளின் எதிர்காலத்துக்கு நடுவே
தாண்டிவிடக்கூடிய அகலத்தில்
ஒரு சாக்கடை ஓடியது.

என் கணக்கை நான் யாரிடமும் சொல்லவில்லை.
இரவு விடுதியில், அலுவலக டைரியின் கடைசிப் பக்கத்தில்:
லாஸ்பேட்டை, நாலு நிமிடம்.
மூலகுளம், இரண்டு; எதிர் வரிசையிலேயே இன்னொன்று.
கோட்டக்குப்பம், திரும்பி நடந்தால் ஏழு.
பதினாலு மாதம் எட்டு நாள் ஆகிறது அவன் நிறுத்தி.
ஜார்க்கண்டில் வியாழக்கிழமைதோறும்
ஒரு பள்ளியின் குட்டை பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து
மற்றவர்களோடு சேர்ந்து எண்ணிய நாட்கள்.
நாட்டில் எத்தனை கிளைகள் இருக்கின்றன!
தலைமை அலுவலகம் எங்களுக்கென்று பொறுக்கி எடுத்தது
இந்த ஊரை.

மிருதுளாவுக்குத் தமிழ் எழுத்து இப்போதுதான் கூடி வருகிறது.
ஆட்டோவில் போகும்போது பலகை பலகையாய்ப் படிப்பாள்.
ம... து... பா... ன...
வண்டி வேகத்தடையில் ஏறி இறங்கியது.
...க் கடை.
நான் வெளியே பார்த்தேன். துவாரகேஷ்கூடப் பேசவில்லை.
சரியாப் படிச்ச, என்றான் அவள் அப்பா.
'ன'தான் ரெண்டு சுழியா மூணு சுழியான்னு
உனக்கு இன்னும் குழப்பம்.

மூன்றாம் நாள்.
ரெட்டியார்பாளையத்தில் உள்ளே தள்ளி, முதல் மாடி.
கீழே இஸ்திரி வண்டி, எதிரே தையல் கடை,
அடுக்களையில் நாள் முழுதும் வெளிச்சம்.
டைரியில் பதினொன்று என்று எழுதி
அடியில் கோடும் போட்டிருந்தேன்.
பால்கனியில் அவன் பக்கத்தில் வந்து நின்றான்.
பதினொண்ணு இல்ல. ஆறு.
பால் பூத்துக்குப் பின்னாடி ஒண்ணு இருக்கு. போர்டு கிடையாது.
எப்படித் தெரியும்?
காலைல இந்தத் தெருவப் பாக்கத் தனியா வந்தேன்ல.
பாத்தேன். வந்துட்டேன்.

டைரியை எப்போது பார்த்தாய் என்று கேட்க நினைத்தேன்.
கேட்கவில்லை.
நானும் அவனும் ஒரே வரைபடத்தை
தனித்தனியாக வரைந்துகொண்டிருந்திருக்கிறோம்.
அவனுடையதில் ஒரு கடை அதிகம்.

பிறகு அவன் குழாயைத் திறந்து பேனாவை நீட்டினான்.
இருநூற்றுத் தொண்ணூறு.
குடிக்கலாம், என்றான்.
சொன்ன பிறகுதான் அவனுக்கே கேட்டது.
முதலில் சிரித்தது நான்தான்.
அப்புறம் அவனும்,
குழாயை மூட மறந்து.

முன்பணத்தை எண்ணி வாங்கினார் அமலோர்.
எண்ணிக்கை தவறி
மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.
மாடியில் பந்து தட்டும் சத்தம்.
கீழேயிருந்து இதுவரை யாரும் எதுவும் சொல்லவில்லை.
வியாழக்கிழமைக்கு இங்கே எங்கே போவது
என்று விசாரிக்க வேண்டும்.