சென்றடைந்தவர்கள்

வட்ட ஆளுநரின் பக்கத்துக்கு நான்தான் விரல்.
கடவுச்சொல்லில் அவர் குதிரையின் பெயரும்
அவர் ஜெயித்த ஆண்டும் இருக்கின்றன.
எங்கள் வட்டத்தில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர்.
பக்கத்தைத் தொடர்கிறவர்கள் நாலாயிரத்துச் சொச்சம்.
மிச்சப் பேர் உலான்பத்தோரின் அடுக்குமாடியிலும்
கொரியாவின் கார் உதிரிபாகத் தொழிற்சாலையிலும் இருந்து
எங்கள் மலைகளுக்கு இதயம் போடுகிறார்கள்.

மார்ச் மாதம், செவ்வாய்க்கிழமை காலை
வானிலை நிலையத்திலிருந்து அழைப்பு.
நான்கு வரி எழுதினேன்:
இன்றிரவு பனிப்புயல்.
மந்தையைத் தூரம் ஓட்டாதீர்கள்.
வறட்டியைக் கூடாரத்துக்குள் எடுத்து வையுங்கள்.
தனியே வெளியில் போகாதீர்கள்.

"படம் எங்கே?" என்றார் லுவ்சன்தோர்ஜ்.
புயலுக்கா?
"முகம் இல்லாத செய்தியை யார் படிப்பார்கள், நோமின்?"

அவர் சொன்னது பொய்யில்லை, அதுதான் சங்கடம்.
பிப்ரவரியில் ஆட்டுத் தடுப்பூசி அறிவிப்பு, முகமில்லாமல்:
ஒன்பது விருப்பம். அதில் ஒன்று என் தங்கை.
பந்தயக் குதிரையோடு அவர் சிரித்ததற்கு இரண்டாயிரம்.

தேர்தல் சமயத்துப் படமொன்றைத் தேடி எடுத்தேன்.
மேலங்கிக்குள் ஆட்டுக்குட்டியை அணைத்திருப்பார்.
குட்டி வடக்குப் பள்ளத்தாக்கு கோம்போஜாவுடையது,
இரவல்.
அங்கியை நனைத்துவிட்டது. அந்த ஓரத்தை அன்றே வெட்டிவிட்டேன்.

துணை ஆளுநர் ஒரு முன்னுரை சேர்த்தார்:
மதிப்புக்குரிய மக்களே, உங்கள் நலனே எங்கள்...
புயல் கீழே இறங்கி
'மேலும் பார்க்க' என்ற கதவுக்குப் பின்னால்
போய் உட்கார்ந்துகொண்டது.

மாலையில் காற்று எழுந்தது.
எங்கள் தலைவர், எங்கள் தந்தை, கூப்பிய கைகள், இதயம், இதயம்.
எட்டு நாற்பதுக்கு
இஞ்சியோனிலிருந்து துலம்சுரேன் என்கிற பெண்:
வடக்குப் பள்ளத்தாக்கில் என் அண்ணன் இருக்கிறான்.
போன் போகவில்லை. யாராவது போய்ச் சொல்லுங்கள்.

ஒரு நொடியில் பதில் போனது:
உங்கள் கருத்துக்கு நன்றி. உங்கள் குரலே எங்கள் வலிமை.
பக்கத்தில் சிரிக்கும் சூரியன்.

அந்தப் பதிலை இலையுதிர் காலத்தில்
நான்தான் ஏற்பாடு செய்திருந்தேன்,
மாலைகள் எனக்கு மிஞ்சட்டும் என்று.
அப்போது கொழுக்கட்டை வெந்துகொண்டிருந்தது.
போனைக் குப்புறப் போட்டிருந்தேன்.
தானே போன அந்தப் பதிலுக்கு நான்கு இதயங்கள்.

விடிந்து நான் அவளைப் படித்தபோது
வீட்டுக் கதவைத் திறக்கவிடாமல்
பனி இடுப்பளவு நின்றது.

வெள்ளிக்கிழமை கோம்போஜாவ்
ஒரே ஒரு கோடு சிக்னல் கிடைக்கும் குன்றின்மேல் ஏறினார்.
கண்ணைக் குத்தும் நீல வானம்.
சட்டைப்பை அதிர்ந்தது:
ஆளுநரின் முகம்,
காதில் தன் வெட்டுக்குறியோடு தன் குட்டி,
இன்றிரவு பனிப்புயல்.
அறுபத்தொரு ஆடுகள் ஓடையில் விறைத்துக் கிடந்தன.
அந்தக் குட்டி வளர்ந்து அவற்றில் ஒன்றா
என்று நான் கேட்கவில்லை.

அவர் விருப்பம் போட்டார்.
என் திரையில் வந்தது: பெயர், ஒரு கட்டைவிரல்.
ஏன் என்று இன்னும் தெரியவில்லை.

மாத அறிக்கையில்
சென்றடைந்தவர்கள்: பதினோராயிரத்து நானூற்று இரண்டு.
"பார்த்தாயா, எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது."
ஆமாம் ஐயா.
அறுபத்தொன்றும் போய்ச் சேர்ந்துவிட்டன.
இதைச் சொல்லவில்லை. சம்பளம் இருபதாம் தேதி.

இப்போதெல்லாம் 'இன்றிரவு' என்று எழுதுவதில்லை.
கிழமை, தேதி, மணி,
ஒரு கல்லறைக்கு எழுதுவதுபோல் முழுதாக எழுதுகிறேன்.
தானே போகும் நன்றியை அணைத்துவிட்டேன்.

துலம்சுரேனுக்கும் எழுதினேன்:
அண்ணன் உயிரோடு இருக்கிறார். ஆடுகள் போயின.
நெடுநேரம் கழித்துக் கேட்டாள்:
இது ஆளா, இல்லை மறுபடியும் பக்கமா?

நான் நோமின், என்று தட்டினேன்.
லுவ்சன்தோர்ஜின் பெயருக்குக் கீழே,
சிரிக்கிற அவர் முகத்தை ஒட்டி,
வந்து நின்றது:
நான் நோமின்.